கண்மலர்

சன்னாசிப் பண்டாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கடிதம் அவருக்கு மனப்பாடம். மலாயாவின் ஈப்போவில் அவர் வேலை பார்த்த கோயிலுக்கு வருகிறவர்களில் நாலெழுத்துத் தெரிந்தவர் யாரைக் கண்டாலும், மடியிலிருந்து எடுத்து நீட்டி ஒருமுறை வாசிக்கச் சொல்வார். எல்லாரும் ஒரே மாதிரிதான் வாசித்தார்கள். கடிதத்தில் குற்றமில்லை. குற்றம் எங்கே இருந்தது என்று அவர் கண்டுபிடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. கண்டுபிடித்தபோது அதில் பாதி அவருடையதாகவே இருந்தது.

கடிதம் கோப்பெங்குக்கு அப்பால் இருந்த வெள்ளைப்பாறை ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தது. துரை உத்தரவுப்படி ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி விஸ்வலிங்கம் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார். தோட்டத்தில் புதிதாக மாரியம்மன் கோயில் கட்டியாகிவிட்டது. சிலை நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து சேர்ந்துவிட்டது. பூசாரி தேவை. இரண்டு வேளைப் பூசை, தனி வீடு, மாதச் சம்பளம், அரிசி. ஆவணி மாதம் ஸ்தபதியை வரவழைத்து அம்மனுக்குக் கண் திறந்து கும்பாபிஷேகம் செய்வதாக உத்தேசம். அதைத் தலைமைப் பூசாரியாக நின்று நடத்தி வைக்க வேண்டியது. கடைசியில் ஒரு வரி. கோயில் சம்பந்தப்பட்ட மற்ற வேலைகளையும் நிர்வாகம் சொல்கிறபடி செய்ய வேண்டியது.

அந்தக் கடைசி வரியை யார் வாசித்தபோதும் பண்டாரம் காதில் வாங்கவில்லை. அவர் காது தலைமைப் பூசாரி என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. நிற்காதா பின்னே? ஈப்போக் கோயிலில் பாதி ஆயுசைக் கழித்தவர் அவர். பூக்கட்டினார், பாத்திரம் விளக்கினார், விறகு பிளந்தார், பொங்கல் கிண்டினார். அம்மன் கழுத்தில் விழுகிற மாலை அத்தனையும் அவர் விரல் கட்டியது. ஆனால் கருவறைப் படியைத் தாண்டி ஒருநாள் கால் வைத்தவரில்லை. மாலையை வாசலில் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே இன்னொருவர் சாத்துவார். திருவிழாக் கூட்டத்தில் அந்த இடம்கூடக் கிடைக்காது, கொல்லைப்புறத்தில் அடுப்போடு நிற்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட மனுஷனைக் கூப்பிட்டு, நீ வந்து அம்மனுக்குக் கண் திறந்து வை என்றால் மற்ற வரிகளெல்லாம் காதில் ஏறுமா?

அவர் சம்சாரம் செல்லாயி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். மற்ற வேலை என்றால் என்ன வேலை? கோயிலில் வேறென்ன வேலை இருந்துவிடப் போகிறது, கூட்டிப் பெருக்குவது, விளக்குத் துடைப்பது என்று பண்டாரம் சொன்னார். அவள் மூட்டை கட்டப் போய்விட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம் வைகாசியில் இரண்டு மூட்டையும் ஒரு டிரங்குப் பெட்டியுமாகக் கோப்பெங் வரைக்கும் பஸ்ஸிலும், அங்கிருந்து மாட்டு வண்டியிலும் போய் இறங்கினார்கள்.

தனி வீடு என்றது மண்வெட்டி, கத்தி, மரத்தில் பால் பிடிக்கிற மங்கு எல்லாம் போட்டு வைக்கிற சாமான் கொட்டகையில் தடுத்த ஒரு பாதி. பக்கத்திலேயே ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்துகிற புகைவீடு. அந்த நாற்றம் சோற்றில்கூட ஏறியது. சம்பளமும் கடிதத்தில் கண்டதல்ல. கோயில் திறக்கிற வரைக்கும் பாதிதான் என்றார்கள். செல்லாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. மூட்டையை இறக்கிய கையோடு கோயிலைப் பார்க்க ஓடிவிட்டார்.

தகரக்கூரை போட்ட சின்னக் கோயில். உள்ளே அம்மன் உட்கார்ந்திருந்தாள். நல்ல கருங்கல். சூலம், உடுக்கை, மடித்த கால், உதட்டோரத்துச் சிரிப்பு, ஒவ்வொன்றையும் இழைத்திருந்தான் சிற்பி. கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மொழுமொழுவென்று இரண்டு மேடு. அதில் தப்பில்லை. சிலையைக் கண் திறக்காமல்தான் அனுப்புவார்கள். நல்ல நேரம் பார்த்து ஸ்தபதி பொன்னூசியால் கீறிக் கண் திறந்த பிறகு, பூசாரி திரையை விலக்கி முதலில் கண்ணாடியைக் காட்டி, அப்புறம் பசுவையும் கன்றையும் காட்டினால் தெய்வம். அதுவரைக்கும் அது கல். கல்லுக்குப் பூவில்லை, பூசையில்லை. இது பூக்கட்டுகிற பண்டாரத்துக்கும் தெரியும்.

பெரிய கங்காணி சின்னையாவிடம் அதைத்தான் அவர் சொன்னார். தோட்டத்துச் சனத்தில் பாதிக்கு மேல் சின்னையா தன் சீமையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தது. அவருடைய ஆட்களில் எத்தனை பேர் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து நிற்கிறார்களோ, அத்தனை தலைக்கும் அவருக்குக் காசு. பண்டாரம் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே வெள்ளியில் செய்த ஒரு ஜோடி கண்மலர். கண் நோவு தீர்ந்தவர்கள் அம்மனுக்குச் சாத்துவார்களே, அதுதான். வெள்ளித் தகட்டில் கறுப்பு விழியும் சிவப்பு ரேகையுமாகப் பெரிய கண்கள்.

"ஆவணி வரைக்கும் இத ஒட்டி வைங்க, பண்டாரம். சனங்க கண்ணில்லாத சாமியப் பாத்தா மெரண்டு போயிரும்" என்றார்.

பண்டாரம் தயங்கினார்தான். இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் கங்காணி அந்தப் பக்கம் போனதும் தேன்மெழுகை இளக்கி, இடது கையால் அம்மனின் முகவாயைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் ஒட்டினார். ஆயுசிலேயே முதல் தடவையாக அம்மன் முகத்தில் அவர் கை பட்டது. விளக்கேற்றித் தூக்கிப் பார்த்தபோது அம்மன் அவரையே பார்த்தாள். ஒட்டியவர் தாம்தான் என்பதுகூட மறந்துபோய் உடம்பு நடுங்கிற்று அவருக்கு. அந்த நடுக்கத்தில் கல்லுக்குப் பூசையில்லை என்கிற பேச்சு அடிபட்டுப் போனது. மறுநாளிலிருந்து இரண்டு வேளையும் மணி அடித்தார்.

ஆனி மாதம், பினாங்கில் கப்பலிறங்கிய புது ஆட்களைச் சின்னையா கூட்டிக்கொண்டு வந்தார். ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குக்கூட விடாமல் அப்படியே கோயிலுக்கு ஓட்டிவந்தார். பண்டாரத்துக்குச் சந்தோஷம். கடல் தாண்டி வந்த சனம் முதலில் சாமி கும்பிட வருகிறதே என்று இருந்த பூவையெல்லாம் சாத்தி, தட்டில் பெரிய கட்டியாகச் சூடம் ஏற்றித் தீபாராதனை காட்டினார். காட்டி முடித்துத் தட்டை வைக்கப் போனபோது கங்காணி தடுத்து, அதை வாசற்படியில் வைக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, கங்காணி சொல்லாமல் இந்தத் தோட்டத்தை விட்டுப் போகமாட்டேன், போனால் ஆத்தா என்னைக் கேட்கட்டும் என்று சொல்ல வேண்டும். அணைந்ததைப் பண்டாரம் மறுபடி ஏற்ற வேண்டும். அடுத்த ஆள்.

பண்டாரத்துக்குக் கை ஓடவில்லை. கங்காணி அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் விளக்கமாகவே சொன்னார். முன்பெல்லாம் ஒப்பந்தம் இருந்தது, ஓடினவனைப் பிடித்து உள்ளே போடலாம். இப்போது சட்டம் மாறிவிட்டது. ஒரு மாத நோட்டீசு கொடுத்துவிட்டு எவனும் எங்கேயும் போகலாம். ரப்பர் விலை ஏறிக் கிடக்கிற நேரம். பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஆளை இழுக்க அலைகிறான். துரை கோயில் கட்டக் காசு கொடுத்தது எதற்கென்று நினைத்தீர்?

புது ஆட்களில் அர்ச்சுனன் என்று ஒருவன், அவன் பெண்டாட்டி காளியம்மா. அவள் இடுப்பில் கைக்குழந்தை. முந்தானையைப் பிடித்தபடி நாலு வயசுப் பெண் நவமணி. காளியம்மா சத்தியம் பண்ணிச் சூடத்தை அடித்தாள். பண்டாரம் மறுபடி ஏற்றியதும் நவமணி அந்தச் சுடரைப் பார்த்துச் சிரித்துத் தானும் ஓர் அடி அடித்தாள். நெருப்பு சுட்டதும் கையை உதறிக்கொண்டு அழுதாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இவளும் சத்தியம் பண்ணிவிட்டாள், இனி எங்கே போவாள் என்று கங்காணியும் சேர்ந்து சிரித்தார்.

மறுநாள் பண்டாரம் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். இந்த வேலை இதில் எழுதவில்லையே என்று கேட்டார். விஸ்வலிங்கம் யாழ்ப்பாணத்து மனுஷர், நெற்றி நிறையத் திருநீறு, யாரையும் கடிந்து பேசாதவர். கடிதத்தை வாங்கி மேசைமேல் விரித்து, கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இஞ்சை எழுதியிருக்கிறன், பாரும். மற்ற வேலையளும் எண்டு. துரை சொன்னதை நான் தமிழிலை எழுதினனான், அவ்வளவுதான். எழுத்திலை பிழை ஒண்டும் இல்லை, பண்டாரம்."

பிழை இல்லைதான். வாசிக்கத் தெரியாதவனிடம் விரல் வைத்துக் காட்டுகிறாரே என்று பண்டாரத்துக்கு எரிந்தது. ஆனால் கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வருகிற வழியில் ரப்பர் மரங்களுக்கு நடுவே அவருக்கு ஒரு சமாதானம் தோன்றிற்று. அந்தச் சமாதானம்தான் அவரைக் கெடுத்தது. அம்மனுக்கு இன்னும் கண் திறக்கவில்லையே! அது கல்தானே! கல்லுக்கு முன்னால் யார் எந்தச் சத்தியம் பண்ணினால் என்ன, அது எங்கே போய்ச் சேரப்போகிறது? பண்ணியவனுக்கும் பாவமில்லை, பண்ண வைத்தவனுக்கும் பாவமில்லை. இப்படி நினைத்ததும் மனசு லேசாகிவிட்டது. அடுத்தடுத்து ஆள் வந்தபோது தயங்காமல் ஏற்றிக் கொடுத்தார். சத்தியம் போய்ச் சேராது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும், சூடத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியாது என்கிற சின்ன விஷயத்தை அவர் யோசிக்கவே இல்லை.

ஆவணி வந்தது. ஸ்தபதி வரவில்லை. வேறு வேலையாக இருக்கிறாராம், தையில் நிச்சயம் என்றார் கங்காணி. பண்டாரம் தையை நினைத்துக்கொண்டே ஐப்பசி மழைக்குள் போனார்.

மழையோடு காய்ச்சலும் வந்தது. மலைச்சரிவுத் தோட்டம், ஊற்றுத் தண்ணீர் எங்கு பார்த்தாலும் தேங்கி நிற்கும், கொசுவுக்குக் கொண்டாட்டம். லயத்தில் வீட்டுக்கு ஒருவர் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். நவமணிக்கும் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் எடுத்து உதறும், பிறகு கொதிக்கும். தோட்டத்தில் வைத்தியம் பார்க்கிற டிரசர் கொடுத்த கொய்னா மருந்தைக் குடித்தால் அத்தனையும் வாந்தி. காளியம்மா தினமும் வேலை முடிந்து வந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருவாள். வாசற்படிக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் கிடத்துவாள். பிழைத்து எழுந்தால் மொட்டை போட்டு வெள்ளியில் உரு செய்து சாத்துவதாக வேண்டிக்கொண்டாள். அப்புறம் அந்த வெள்ளிக் கண்களோடு பேச ஆரம்பிப்பாள். பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுகிற மாதிரிதான் பேசுவாள். பிள்ளை இன்றைக்குக் கஞ்சி குடித்ததா இல்லையா, ராத்திரி என்ன பிதற்றினாள், எல்லாவற்றையும் சொல்வாள். பண்டாரம் திருநீறு கொடுத்துவிட்டு உள்ளே போய் ஏதாவது பாத்திரத்தைத் தேய்ப்பார். அவள் அம்மனைப் பார்க்கிற பார்வையைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க அவரால் முடியவில்லை.

ஒருநாள் அர்ச்சுனன் கொட்டகைக்கு வந்தான். காளியம்மாவின் அண்ணன் ராஜு லகாட்டில் ரயில்ரோட்டு வேலையில் இருக்கிறான். மேட்டு நிலம், காய்ச்சல் கிடையாது. கவர்மெண்டு ஆசுபத்திரியும் பக்கம். வந்துவிடு என்று சொல்லியனுப்பிக்கொண்டே இருக்கிறான். இவன் தயார். அவள்தான் அசையவில்லை.

"சூடம் அடிச்சமே, போனா ஆத்தா புள்ளயக் கேப்பான்னு சொல்றாண்ணே. புள்ளயும் சேந்து அடிச்சிச்சே, அத நெனச்சு நெனச்சு அழுவுறா. நீங்கதான் அந்தச் சத்தியத்த எறக்கி விடணும். நீங்க சொன்னா கேப்பா."

சத்தியத்தை இறக்குகிற முறை ஊரில் உண்டு. யாருக்குச் சத்தியம் பண்ணினார்களோ அவர் சம்மதித்தால், தேங்காய் உடைத்துப் புதுத்துணி சாத்தி இறக்கிவிடலாம். பண்டாரம் சின்னையாவிடம் போனார். ஒருத்திக்கு இறக்கினால் நாளைக்கு லயமே காலியாகிவிடும் என்று அவர் ஒரே பேச்சாக முடித்துவிட்டார். கிராணியிடம் போனார். விஸ்வலிங்கம் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"போகட்டுமே. ஆர் மறிச்சது? நோட்டீசு தந்திட்டுத் தாராளமாப் போகலாம். சட்டம் இருக்குத்தானே."

ஆக, தடுத்தவர் யாருமில்லை. சட்டம் தடுக்கவில்லை, துரை தடுக்கவில்லை, கேட்டில் காவல்காரன்கூடக் கிடையாது. தடுத்துக்கொண்டிருந்தது தேன்மெழுகில் ஒட்டிய இரண்டு வெள்ளித் தகடு. அதை ஒட்டியவர் கொட்டகைக்கு வந்து, அன்றைக்குத்தான் பெண்டாட்டியிடம் முழுக்கதையையும் சொன்னார்.

செல்லாயி சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடிக்கிற வரைக்கும் கை நிற்கவில்லை. பிறகு சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "போயி அந்தக் கண்ணப் பிச்சு அவகிட்டக் காட்டிட்டு வாங்க" என்றாள்.

தை வரட்டும், ஸ்தபதிக்கு எழுதியிருக்கிறார்கள், கண் திறந்த பிறகு முறைப்படி இறக்கிவிடலாம் என்றார் பண்டாரம். இப்போது காட்டினால் நாளைக் காலையில் நாம் ரோட்டில் நிற்க வேண்டியதுதான் என்றார்.

"ரோட்டுல இருந்துதான வந்தோம்" என்றாள் அவள்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்குக் கிளம்பியேவிட்டார். சொல்லிவிடுவது என்றுதான் போனார். போய்ப் பார்த்தால் நவமணி வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகக் காய்ச்சல் இல்லையாம். பண்டாரத்தைக் கண்டதும் சூடு பட்ட கையை நீட்டிக் காட்டிச் சிரித்தாள். அந்தப் புண் எப்போதோ ஆறிவிட்டது, ஆனாலும் அவரைக் காணும்போதெல்லாம் காட்டுவாள். ஆத்தா கண் திறந்து பார்த்துவிட்டாள் அண்ணே என்றாள் காளியம்மா. அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு அவர் எப்படிச் சொல்வார்? சொல்லாமல் இருக்க ஒரு சாக்குக் கிடைத்ததே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார் என்பதுதான் உண்மை. பிள்ளை தலையில் கையை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அந்த வாரக் கடைசியில் நவமணி இறந்துபோனாள். திரும்பி வந்த காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டிரசர். தோட்டத்து எல்லையில், லாலான் புல் மண்டிய மேட்டில் புதைத்தார்கள். பண்டாரம்தான் சங்கு ஊதினார்.

அர்ச்சுனன் மறுநாளே மூட்டை கட்டினான். கைக்குழந்தைக்கும் உடம்பு சுட ஆரம்பித்திருந்தது. இதையாவது காப்பாற்றுவோம் வா என்று கெஞ்சினான், அடிக்கவும் கை ஓங்கினான். காளியம்மா வரவில்லை. ஆத்தா ஒன்றைக் கேட்டு எடுத்துக்கொண்டாள், சத்தியத்தை மீறிப் போனால் இதையும் கேட்பாள் என்றாள். சாயங்காலம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்து, நவமணியைக் கிடத்திய அதே இடத்தில் கிடத்தினாள். அர்ச்சுனனும் பின்னாலேயே வந்து தூணில் சாய்ந்து நின்றான். வேறு யாரும் இல்லை.

அந்தக் குழந்தை அங்கே கிடந்ததைப் பார்த்ததும் பண்டாரத்துக்கு ஈப்போவும் மறந்துவிட்டது, தையும் மறந்துவிட்டது. உள்ளே போனார். இரண்டு கண்மலரையும் நகத்தால் பெயர்த்தார். விளக்கைத் தூக்கி அம்மன் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இங்க பாரு தாயி. கண்ணு இல்ல. இன்னும் தொறக்கவே இல்ல. இது வெறுங்கல்லு. நீ பண்ண சத்தியம் எங்கயும் போயிச் சேரல. ஒன்ன யாரும் கேக்க மாட்டாங்க. புள்ளயத் தூக்கிட்டுப் போ."

மொழுமொழுவென்ற இரண்டு மேட்டிலும் மெழுகு பிசுபிசுத்துக் கிடந்தது. முதலில் அர்ச்சுனன்தான் பேசினான். எப்போதிலிருந்து என்று கேட்டான். சிலை வந்ததிலிருந்து என்றார் பண்டாரம். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றார். அர்ச்சுனன் அவரை அடிப்பான் என்று அவர் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் குனிந்து குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பெண்டாட்டியைப் பார்த்து எழுந்திரு என்றான்.

காளியம்மா எழுந்தாள். ஆனால் அவன் பக்கம் போகவில்லை. படியேறி வந்து, விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கல்முகத்தை உற்றுப் பார்த்தாள். அழவில்லை. பிறகு கேட்டாள்.

"அப்ப நான் நவமணியக் கெடத்திக் கெடத்தி அழுதேனே, அது யாருகிட்டண்ணே?"

பண்டாரம் விளக்கைத் தாழ்த்தினார்.

அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "இல்லண்ணே. நீங்க சொல்றது இல்ல. அவ பாத்தா. தெனமும் பாத்தா. பாத்துத்தான் எம்புள்ளய எடுத்துக்கிட்டா. இப்ப எம்புள்ள அவகிட்ட இருக்கு. வெறுங்கல்லுன்னா எம்புள்ள எங்க போனா?"

அவர் கையிலிருந்த கண்மலர்களை வாங்கித் துடைத்தாள். மெழுகை விளக்கில் காட்டி இளக்கினாள். இரண்டையும் அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒட்டுங்கண்ணே."

ஒட்டினார். ஒரு கண் கோணலாகப் போயிற்று. அவள் பார்த்துச் சொல்லச் சொல்ல, எடுத்து நேராக ஒட்டினார்.

அர்ச்சுனன் விடிந்ததும் குழந்தையோடு லகாட்டுக்குப் போய்விட்டான். நான் ஒருத்தி இங்கே இருந்து சத்தியத்தைக் காத்தால் ஆத்தா பிள்ளையை விட்டுவிடுவாள் என்று காளியம்மா தடுக்கவில்லை. நோட்டீசுகூடக் கொடுக்கவில்லை, கிராணி சொன்னது போல மறித்தவர் யாருமில்லை. போவதற்கு முன் லயத்தில் நாலு பேரிடம் சாமிக்குக் கண் இல்லை என்று சொல்லியிருக்கிறான். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தில் என்னவோ உளறுகிறான் என்று அவர்கள் பரிதாபப்பட்டார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது என்று பிறகு ராஜு சொல்லியனுப்பினான். காளியம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். அதுவும் ஆத்தா பார்த்துச் செய்தது என்றாள். ரோடு வரைக்கும்கூட அவள் போகவில்லை.

அதன் பிறகு கோயில் கூட்டுவது அவள்தான், கோலம் போடுவது அவள்தான். பண்டாரம் கிளம்பிவிடலாமா என்று பலமுறை யோசித்தார். அவரை யாரும் சூடம் அடிக்கச் சொல்லவில்லையே. ஆனால் வெயில் ஏறினால் தகரக்கூரையின் கீழே மெழுகு இளகிவிடும். நாள் தவறாமல் பார்த்து ஒட்டாவிட்டால் கண் கழன்று விழும். வேறு ஒருவன் வந்து கவனிக்காமல் விட்டு, அது காளியம்மாவின் முன்னால் விழுந்தால்? அதை நினைத்தால் அவருக்குக் கால் எழவில்லை. செல்லாயி அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள். கோயில் பக்கம் மட்டும் திரும்பியும் பார்ப்பதில்லை.

தை வந்தது. ஸ்தபதி வரவில்லை. பண்டாரம் கேட்டபோது, சனங்கள் நன்றாகத்தானே கும்பிடுகிறார்கள், இப்போது எதற்கு வீண் செலவு என்றார் சின்னையா. அவர் சொன்னதும் பொய்யில்லை. முன்னைவிடக் கூட்டம். கண்ணெதிரே பிள்ளையை எடுத்துக்கொண்ட அம்மன் என்று பக்கத்துத் தோட்டங்களிலும் பேச்சு.

மாசியில் அடுத்த ஆட்கள் வந்தார்கள். பண்டாரம் வாசற்படியில் தட்டை வைத்துச் சூடம் ஏற்றினார். ஒவ்வொருவராக அடித்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு ஒரு சின்னப்பெண் வந்தாள். மாட்டேன் என்றும் சொல்லாமல், கையையும் நீட்டாமல், நின்றுகொண்டே இருந்தாள். கங்காணி வாயைத் திறப்பதற்குள் ஓரத்தில் நின்ற காளியம்மா முன்னால் வந்து அவள் தோளில் கை வைத்தாள்.

"பயப்படாத. சத்தியத்தக் காப்பாத்துனா ஒண்ணும் செய்ய மாட்டா. ஆனா அவ கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது. நான் பாத்தவ சொல்றேன்."

அந்தப் பெண் அம்மனை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையை நீட்டி அடித்தாள். பண்டாரம் மறுபடி ஏற்றினார். இடுப்பிலிருந்த பிள்ளை அந்தச் சுடரைக் கண்டு சிரித்துக்கொண்டு கையை நீட்டியது. பண்டாரம் தட்டைச் சட்டென்று தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"காட்டுங்கண்ணே, புள்ளயும் அடிக்கட்டும்" என்றாள் காளியம்மா.

பண்டாரம் அவளைப் பார்த்தார். அப்புறம் தட்டை நீட்டினார்.